சோளகமும் ஆடிக்காத்தும்

1990 ஆடி மாதம் பவானிசாகர் அகதி முகாமுக்கு வந்து இறங்கியபோது எனக்கு ஒன்பது வயது. தலைமன்னாரிலிருந்து படகு, மண்டபம் முகாமில் சில நாட்கள், பிறகு இரவு முழுக்கப் பஸ். இறங்கியதும் சேலைத்தலைப்பைப் பிடுங்கிய காற்றுக்கு முகத்தைக் காட்டி அம்மா, "இது சோளகம் பிள்ளை, எங்கட சோளகம்தான்" என்றா. பக்கத்தில் நின்ற ஊர்க்காரர், "ஆடிக்காத்துங்க" என்று திருத்தினார். இரண்டும் ஒன்றுதான். அதே தென்மேற்குக் காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு இந்த ஊருக்கு வெறுங்கையோடு வருகிறது.

'சாகர்' என்றால் கடல் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னதை நம்பி நாலைந்து பிள்ளைகள் கடல் பார்க்கப் போனோம். பவானியும் மோயாறும் சேருமிடத்துக்குக் கீழே கட்டிய மண் அணை. தண்ணீர் பெரிசுதான், ஆனால் உப்பு மணம் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு ஆறுதலாய் இருந்தவை நீர்க்காகங்கள்தான். எங்கட மன்னார்க் கட்டுக்கரைக் குளத்தில் இருந்த மாதிரியே செட்டையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நின்றன.

பறவைகள் பெரும்பாலும் பழக்கமானவை, பெயர்கள்தான் புதிது. நாங்கள் புலுனி என்றதை இங்கே தவிட்டுக்குருவி என்றார்கள். செண்பகம் செம்போத்தாகிவிட்டது. அம்மா மல்லிகைத் தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போனா. தோட்டத்துக்காரப் பாட்டியை அமுச்சி என்போம், அவருக்கு எங்கள் பேச்சு ஒரு வேடிக்கை. "ஏனம்மிணி, புலுனியா? அதென்ன பேரு, மறுக்காச் சொல்லு" என்று கேட்டுச் சிரிப்பார். நான் மறுபடி சொல்வேன். வீட்டுப் பின்பக்கத்தை நான் 'வளவு' என்றால் அவர் 'பொடக்காளி' என்பார். கொஞ்சக் காலத்தில் வீட்டில் ஒன்று, தோட்டத்தில் ஒன்று என்று எனக்கு இரண்டு நாக்குகள் வந்துவிட்டன.

சுதந்திர தினத்தையொட்டி வழக்கமாகக் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விடுவார்கள். உழவு தொடங்கியதும் டிராக்டருக்குப் பின்னால் வரிசையாகக் கொக்குகளும், கறுப்புத் தலையைக் குனிந்து சேற்றைக் குத்தும் அரிவாள்மூக்கன்களும் வரும். மயில்களும் வரும், அவற்றை மட்டும் யாரும் ரசிக்கமாட்டார்கள். விதைத்ததைக் கிளறித் தின்றுவிடும். முருகன் வாகனத்தைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அதே கையால் கல்லெறிந்து விரட்டுவதை இங்கேதான் பார்த்தேன்.

வந்த இரண்டாம் வருஷம், ஐப்பசியில் ஒரு காலை. குசினிக்குள் விறகுக்கட்டோரம் ஒரு குருவி சுருண்டு கிடந்தது. முதுகு பச்சை, வயிறு மங்கிய மஞ்சள், வாலடியில் சிவப்பு, கண்ணில் மை தீட்டின மாதிரி கறுப்புக் கோடு. வால் இருக்கிறதா என்றே தெரியாது, அவ்வளவு கட்டை. செத்துவிட்டது என்று நினைத்துத் துணியில் பொதிந்து அமுச்சியிடம் கொண்டுபோனேன்.

"சாவுலீங்கண்ணு, களைச்சுப் போச்சு. ஆறுமணிக்குருவி. பொடக்காளியில எல மறவுல உட்டுரு, தானா எந்திரிச்சுக்கும்."

பொழுது ஏறுமுன் எழுந்து சருகுக்குள் தத்திப் போய்விட்டது. அடுத்த நாள் விடியற்காலை பூப்பறிக்கும்போது வேலிப்பக்கம் இரண்டு சீழ்க்கை. பின்னேரம் மறுபடி. கிட்டத்தட்ட ஆறு மணி. இமயமலை அடிவாரக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு குளிருக்குத் தெற்கே வருகிற பறவை அது, இலங்கை வரைக்கும் போகும் என்று வெகுகாலம் கழித்துத்தான் அறிந்தேன். பறவைக்குப் பாஸ்போர்ட் வேண்டாம் என்கிற வசனத்தை இந்த இடத்தில் எழுதலாம். முகாமில் எல்லாரும் சொல்லிச் சலித்தது, நான் விட்டுவிடுகிறேன்.

மார்கழியில் பனி விழும், பூ குறையும், விலை ஏறும். கூலி எடைக்கு என்பதால் விலை ஏற்றத்தில் அம்மாவுக்கு ஒன்றுமில்லை. வாய்க்கால் மதகில் வாலாட்டிக்குருவிகள் ஓடித் திரியும். சோளக்காட்டில் சூறைக்குருவிகள் ஒரே மேகமாக இறங்கி, யாரோ கைதட்டினால் ஒரே மேகமாக எழும்பும்.

கோடையில் அணை வற்றும். மிகவும் வற்றிய வருஷங்களில் டணாய்க்கன் கோட்டைக் கோயில் வெளியே தெரியும். அணை கட்டியபோது மூழ்கிப்போன இடம். ஊர்ச்சனம் பார்க்கப் போவார்கள். அம்மாவும் ஒருமுறை போனா. கல் தூண்களில் கொக்கு எச்சம் வெள்ளையடித்திருந்ததாம். "ஆளில்லாத வீடுகளுக்கு அதுகள்தான் காவல்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கு முழுக்கக் கதைக்கவில்லை.

அமுச்சி இப்போது இல்லை. முகாமுக்கு 2021இல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள், நாங்கள் இன்னும் கேம்ப் என்றுதான் சொல்கிறோம். ஐப்பசி பிறந்தால் நான் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். போன வருஷம் குருவி கூப்பிட்ட அன்றே மன்னாரில் இருக்கிற சின்னம்மாவுக்குப் போன் போட்டேன்.

"இஞ்ச இன்னும் வரேல்லை" என்றா.

பத்து நாள் கழித்து அவவே எடுத்தா. ஒன்றும் பேசாமல் போனை வேலிப்பக்கம் நீட்டிப் பிடித்திருந்தா.