ஷாத்தோ டீஃப்: கதாநாயகனுக்கும் ஓர் அறை உண்டு

பிரான்ஸின் மார்சேய் நகரத்துக்கு எதிரே, கடலுக்குள் ஒரு சின்னப் பாறைத் தீவில் நிற்கிறது ஷாத்தோ டீஃப் கோட்டை. அங்கே போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எட்மோன் தாந்தெஸ் அடைபட்டிருந்த அறையைப் பார்க்கத்தான் போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். அலெக்சாண்டர் துமாவின் மான்டி கிறிஸ்டோ நாவலில், செய்யாத குற்றத்துக்காக நிச்சயதார்த்த விருந்திலிருந்தே பிடித்துச் செல்லப்பட்டு, 14 ஆண்டுகள் இங்கே கிடந்தவன் அவன். முழுக்கக் கற்பனைப் பாத்திரம்.

பழைய துறைமுகத்திலிருந்து படகு. மிஸ்ட்ரால் காற்று பலமாக அடித்தால் தீவில் இறக்கிவிட மாட்டார்கள், கேட்டுக்கொண்டு போவது நல்லது. கோட்டையை 1520களில் கட்டத் தொடங்கியவர் முதலாம் பிரான்சுவா மன்னர். அதற்கும் முன்னால், 1516-ல், குஜராத்திலிருந்து போர்ச்சுகல் போய், அங்கிருந்து போப்புக்குப் பரிசாக அனுப்பப்பட்ட காண்டாமிருகம் ஒன்றை வழியில் இதே தீவில் இறக்கி வைத்திருந்தார்கள். மன்னரே வந்து பார்த்தாராம். பாவம், அது ரோம் போய்ச் சேரவில்லை, கப்பல் மூழ்கிவிட்டது.

துறைமுகத்தைக் காக்கக் கட்டிய கோட்டை சீக்கிரமே சிறையாகிவிட்டது. நடுவில் கிணற்றோடு ஒரு முற்றம், சுற்றிலும் அறைகள். கீழே வெளிச்சம் எட்டாத குகை மாதிரியான அறைகள். காசு கொடுக்க முடிந்தவர்களுக்கு மாடியில் ஜன்னலும் கணப்பும் உள்ள அறைகள். சிறைக்குள்ளும் பணம்தான் மேல்தளத்தையும் கீழ்த்தளத்தையும் பிரித்திருக்கிறது என்பதை அந்தப் படிகளில் ஏறும்போது ஜீரணிக்கவே முடியவில்லை.

கீழ்த்தளத்தில்தான் தாந்தெஸின் அறை. பக்கத்து அறைக்குப் போக நாவலில் வருவதுபோலவே சுவரில் ஒரு துளை. அந்தப் பக்கம் பாதிரியார் ஃபாரியா. நாவலில் அவர் தாந்தெஸின் சக கைதி, இத்தாலியர். ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் கோவாவின் கண்டோலிமில் 1756-ல் பிறந்த நிஜ மனிதர். ஹிப்னாடிசத்தின் முன்னோடிகளில் ஒருவர். மார்சேயில் கொஞ்ச காலம் ஆசிரியராகவும் இருந்தார். பனாஜியில் அவருக்குச் சிலை இருக்கிறது. இவ்வளவு தூரம் வந்து, ஒரு கோவாக்காரரின் பெயரை பிரெஞ்சுச் சிறை அறையில் பார்த்தபோது மனசு பொங்கியது.

நாவல் 1844 முதல் 1846 வரை பத்திரிகையில் தொடராக வந்தது. துமா ஏன் இருட்டறையை இவ்வளவு தத்ரூபமாக எழுதினார் என்பதற்கு என் மனசில் ஒரு காரணம் உண்டு. அவருடைய அப்பா, அடிமைத் தாய்க்குப் பிறந்து பிரெஞ்சுப் படையில் ஜெனரலானவர், 1799 முதல் 1801 வரை இத்தாலியில் சிறைப்பட்டு, உடல்நலம் கெட்டுத் திரும்பினார். மகனுக்கு நான்கு வயது நிறையும் முன்பே இறந்தும் போனார். தாந்தெஸின் அந்த இருட்டில் அந்த அப்பாவும் இருக்கிறார் என்றே நான் நம்புகிறேன்.

ஆனால் இங்கே நிஜமாகவே அடைபட்டவர்கள் வேறு. மத நம்பிக்கைக்காகப் பிடிக்கப்பட்ட புராட்டஸ்டன்ட்டுகள் மட்டும் சுமார் 3500 பேர் என்கிறார்கள். பிறகு, அப்பாவே சிறைக்கு அனுப்பிவைத்த மிராபோ, பின்னாளில் பிரெஞ்சுப் புரட்சியின் தலைவர்களில் ஒருவரானவர். அப்புறம் 1848 கிளர்ச்சிக்காரர்கள், 1871-ல் பாரிஸ் கம்யூன் என்ற மக்கள் எழுச்சி நடந்த காலத்துக் கைதிகள். 1848-ல் வந்தவர்கள் செதுக்கிய எழுத்துகள் சுவரில் இன்னும் இருக்கின்றன. தாந்தெஸ் அறையில் போட்டோ எடுக்கக் கூட்டம் நெரிகிறது. இந்தச் சுவர்களுக்கு முன்னால் ஆளே இல்லை. எனக்கு அது வலித்தது. ஆனாலும் 1890-ல் கோட்டையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது முதல் இன்றுவரை கூட்டம் வருவதற்கு அந்த நாவல்தான் பெரிய காரணம். துமா எழுதாமல் போயிருந்தால் நானே வந்திருக்க மாட்டேன்.

அதனால் போகிறவர்கள் தாந்தெஸ் அறையைப் பார்த்த கையோடு படகுத்துறைக்கு ஓட வேண்டாம். முற்றத்தைச் சுற்றியுள்ள சுவர்களையும் நிதானமாகப் பாருங்கள். அந்தப் படகு போனால் அடுத்த படகு.