இலவசக் குடை

இங்கே சிங்கப்பூரில் ஆகஸ்ட் 9 தேசிய நாள். அடுக்குமாடி வீடுகளில் தொங்கும் சிவப்பு வெள்ளைக் கொடிகளை இறக்குவதற்குள் நம்முடைய 15 வந்துவிடும். அன்று காலை வேலைக்குப் போகும் ரயிலில் எனக்கு வருஷா வருஷம் ஞாபகம் வருவது கொடியேற்றமோ ஆரஞ்சு மிட்டாயோ இல்லை. ஒரு குடை.

எண்பதுகளில் நம் பள்ளியில் படித்தவர்களுக்கு அந்தச் சுதந்திர தின வ.உ.சி. நாடகம் மறந்திருக்காது. நான் எட்டாம் வகுப்பு. வ.உ.சி. வேஷம் எனக்குத்தான் என்றிருந்தேன். முண்டாசு கட்டிப் பார்த்ததில் மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது. சரி என்று தமிழய்யா என்னை வெள்ளைக்காரக் கம்பெனி ஏஜென்டாக்கிவிட்டார். முகத்தில் அரை டப்பா பவுடர், உடம்பில் சரித்திர வாத்தியாரின் கோட்டு. தூத்துக்குடி வெயிலில் பத்தே நிமிஷத்தில் வெள்ளைக்காரன் வழிந்து கழுத்துக்கு வந்துவிட்டான்.

என் வசனம் ஒன்றே ஒன்று. "கொழும்புக்கு டிக்கெட் இலவசம், கூடவே குடையும் இலவசம்!" பயணிகளாக நடிக்க நாலு பேரை நிறுத்தியிருந்தார்கள். நான் சொல்லி முடிப்பதற்குள் மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் பாதி மேடை ஏறிவிட்டது. கையில் இருந்ததோ மூன்றே குடை, எல்லாம் ஆசிரியர்களிடம் இரவல் வாங்கியவை. தலைமை ஆசிரியர் பிரம்போடு ஓடி வந்தார். தமிழய்யா மட்டும் சிரித்துக்கொண்டு நின்றார். "அன்னைக்கும் நம்மாளுக இப்படித்தாம்ல ஓடுனாவ" என்றார்.

கப்பல் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்க வந்த பிறகுதான் அவர் சொன்னது எனக்கு உறைத்தது. வ.உ.சி.யின் சுதேசி கப்பல் கம்பெனி 1906 அக்டோபரில் பதிவானது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. சொந்தக் கப்பல் கிடையாது. வாடகைக்கு எடுத்ததும் எதிராளியான பிரிட்டிஷ் இந்தியா என்ற வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியின் நெருக்கடியில் கைநழுவியது. வ.உ.சி. பம்பாய்க்குப் போய் அலைந்தார். பிறகு காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் சாதாரண வகுப்பில் 1,300 பேர் போகலாம், 4,000 மூட்டை ஏற்றலாம். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. இவர்கள் அரை ரூபாய்க்கு இறங்கினார்கள். அப்புறம்தான் அந்த இலவசமும் குடையும். பல பாதைகளில் கப்பல் விடுகிறவனுக்கு ஒரு பாதையின் நஷ்டம் கொசுக்கடி. கொழும்புப் பாதை ஒன்றையே நம்பி இருப்பவர்கள் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பார்கள்?

மீதியை அரசாங்கம் பார்த்துக்கொண்டது. 1908 மார்ச் 12இல் வ.உ.சி. கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தார்கள். ஜூலையில் நீதிபதி பின்ஹே நாற்பது வருஷத் தண்டனை விதித்தார். அதைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கிவிட்டது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோவைச் சிறைச் செக்கைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. காலியா கடைசியில் அந்தப் போட்டிக் கம்பெனிக்கே விலை போனது. எனக்கு இன்றைக்கும் செக்கைவிட இதுதான் வலிக்கிறது, தொழில் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நாடகம் செக்கோடு முடிந்துவிட்டது. செக்குக்குப் பிறகு நடந்ததைப் பள்ளியில் யாரும் சொல்லித் தரவில்லை. 1912 டிசம்பரில் விடுதலையானவர் 1936 நவம்பர் 18 வரை இருந்தார். கிட்டத்தட்ட இருபத்துநாலு வருஷம். வக்கீல் தொழில் செய்வதற்கான உரிமமான சன்னது பறிபோயிருந்தது. சென்னைக்குக் குடிபோய்க் கடை வைத்துப் பார்த்தார், ஓடவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று காந்தியிடம் கொடுத்த பணத்துக்காக 1915இல் கடிதம் மேல் கடிதம் எழுதிக் காத்திருந்தார். எவ்வளவு தெரியுமா? 347 ரூபாய் 12 அணா. பத்து லட்ச ரூபாய்க் கம்பெனி தொடங்கிய மனுஷன். சன்னதைத் திரும்ப வாங்கித் தந்த நீதிபதி வாலஸின் நினைவாகத் தன் மகனுக்கு வாலீஸ்வரன் என்று பெயர் வைத்தார். தண்டித்ததும் வெள்ளைக்காரன், நன்றி சொன்னதும் வெள்ளைக்காரனுக்கு. அவர் மனசு அப்படி. உயிலில் கடை பாக்கிகளை ஒவ்வொன்றாக எழுதி வைத்துவிட்டுப் போனார்.

2011இல் நம் ஊர்த் துறைமுகத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். என் அலுவலகக் கணினியில் இன்னும் டுட்டிகோரின் என்றுதான் வருகிறது. சரக்குச் சீட்டில் அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் வாய்க்குள் வேறு பெயர் சொல்லிக்கொள்வேன்.

குடை விஷயத்துக்கு வருகிறேன். மூன்றில் இரண்டு அன்று சாயங்காலமே திரும்பிவிட்டன. மூங்கில் பிடி போட்ட தமிழய்யாவின் குடை மட்டும் வரவே இல்லை. அவரும் யாரிடமும் கேட்கவில்லை. அந்த வருஷம் ஐப்பசி மழையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தார். எடுத்தவர் நம் பள்ளியின் இந்த மலரைப் படிக்கிற நம்மில் ஒருவராகத்தான் இருக்கும்.