பான்ஃப் ஸ்பிரிங்ஸ்: மலை காட்டும் தூரமும் பந்து போகும் தூரமும்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், போ ஆற்றுக்கும் ரண்டில் மலைக்கும் நடுவே தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது பான்ஃப் ஸ்பிரிங்ஸ் கோல்ஃப் திடல். கனடியன் பசிபிக் ரயில்வேக்காக ஸ்டான்லி தாம்சன் வடிவமைத்து 1928இல் திறந்தது. மிகப் பின்னால் உள்ள டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடம்) ஏறக்குறைய 6,900 யார்டு, பார் (நன்றாக ஆடுபவருக்கான மொத்த அடி எண்ணிக்கை) 71. ஸ்கோர் அட்டையில் பார்த்தால் பயப்படும்படி எதுவும் இல்லை. இங்கே ஸ்கோரைக் கெடுப்பது கண்தான்.

கிட்டத்தட்ட 2,950 மீட்டர் உயர ரண்டில் பின்னணியில் நிற்கும்போது அதன் முன்னால் இருக்கும் குழியின் கொடி, மரம், பங்கர் (மணல் பள்ளம்) எல்லாமே சிறியதாகவும் கைக்கெட்டும் தூரத்திலும் தெரியும். தாம்சன் இதைத் தெரிந்தே பயன்படுத்தியிருக்கிறார். கிரீனுக்கு (குழியைச் சுற்றியுள்ள ஒட்ட வெட்டிய புல்தரை) இருபது முப்பது யார்டு முன்னால் ஒரு பங்கர். அதன் உயர்ந்த விளிம்பு இடைவெளியை மறைத்துவிடுவதால் பங்கர் கிரீனை ஒட்டியே இருப்பதாகத் தோன்றும். 'பங்கரைத் தாண்டினால் போதும்' என்று அடித்த பந்து அந்த இடைவெளியில் விழுந்து கிடக்கும். தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரில் கொடியை மட்டும் அளக்காமல் பங்கர் விளிம்பையும் அளந்தால் ஏமாற்று வெளிப்பட்டுவிடும். இரண்டு எண்ணுக்கும் நடுவே உள்ள வித்தியாசம்தான் நமக்குத் தேவை.

அடுத்தது உயரம். பான்ஃப் ஊர் 1,383 மீட்டரில் இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால் கடல் மட்டத்தில் அடிக்கும் தூரத்தைவிடச் சுமார் 5 சதவீதம் கூடுதலாகப் போகும் என்பது பொதுக் கணக்கு. இதை அப்படியே நம்பிக் காலை ஏழு மணிக்கு ஆடினால் எல்லா அடியும் குட்டையாகும். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது, பந்தின் துள்ளலும் குறையும், கனமான உடுப்பில் தோளும் முழுதாகத் திரும்பாது. சென்னை வெயிலில் 7-ஆம் நம்பர் ஐயனில் (எண் குறையக் குறையத் தூரம் கூடும் மட்டை வகை) 150 யார்டு அடிப்பவருக்கு இங்கே 20 டிகிரி மதியத்தில் 156 வரை வரும். 5 டிகிரி காலையில் 152 வந்தால் நல்லது. அதிகத் தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரில் 220 அடிப்பவர் மதியம் 230, காலை 224 என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது காலையில் உயரத்தின் லாபத்தில் பாதிக்கு மேல் குளிர் தின்றுவிடுகிறது. பத்தரை மணிக்கு மேல் வெப்பம் ஏற ஏற எண்களைத் திருத்திக்கொண்டே போக வேண்டும்.

இந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறவர் என்பதையும் பொறுத்தது. கால்கரி ஏற்கெனவே 1,000 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர்; அங்கே ஆடிப் பழகியவர் தன் எண்ணில் ஒரு சதவீதம் சேர்த்தால் போதும், 5 சதவீதம் சேர்த்தால் கிரீனுக்குக் குட்டையாக நிற்பார். ஊட்டி ஜிம்கானாவில் பழகிய கைக்கு நேர்மாறு: அந்தத் திடல் 2,200 மீட்டருக்கு மேல் என்பதால் இங்கே தூரம் கொஞ்சம் குறையும்.

மெல்லிய காற்றில் சுழற்சி வேலை செய்வதும் குறைவு. ஸ்லைஸ் (பந்து பக்கவாட்டில் வளைவது) கொஞ்சம் அடங்கும், அது லாபம். ஆனால் பந்து தாழ்வாகப் போய், சாய்வாக இறங்கி, கிரீனில் சற்றுக் கூடுதலாக உருளும். இருப்பதிலேயே மிருதுவான பந்தை எடுத்துப் போவது நல்லது. முந்தைய இரவு பந்துகளைக் கார் டிக்கியில் விடாமல் அறையிலேயே வைக்கவும். ஆட்டத்தின்போது பந்தைச் சூடேற்றும் வேலை வேண்டாம், கோல்ஃப் விதி 4.2 அதைத் தடுக்கிறது.

இனி நான்காவது குழி, 'டெவில்ஸ் கால்ட்ரன்'. பார் 3. உயரத்தில் டீ, கீழே பனியாற்றால் உருவான குளம், அக்கரையில் பங்கர்கள் சூழ்ந்த கிரீன். டீக்கும் கிரீனுக்கும் ஏறக்குறைய 20 மீட்டர் இறக்கம். ரேஞ்ச்ஃபைண்டர் 180 காட்டினால் கணக்கு இப்படி: இறக்கத்துக்கு 20 கழித்தால் 160. இதைக் கடல் மட்ட எண்ணாக மாற்றினால் மதியத்தில் 153, அதே 7-ஆம் நம்பர். குளிர்ந்த காலையில் 158, அதற்கு 6-ஆம் நம்பர். ஒரே டீ, ஒரே கொடி, ஒரு கிளப் (மட்டை) வித்தியாசம். கொடி முன்பக்கம் இருந்தாலும் நடுக் கிரீனுக்கே அடிக்க வேண்டும், ஏனென்றால் குட்டையானால் தண்ணீர், நீண்டால் பங்கரோ சரிவோதான். டீயைச் சுற்றி ஸ்ப்ரூஸ் மரங்கள் காற்றை மறைப்பதால், புல்லைப் பிய்த்துத் தூவிப் பார்த்துப் பயனில்லை. மர உச்சியைப் பாருங்கள். பந்து போகப்போவது அந்த மட்டத்தில். பந்து நீரில் விழுந்தால் டிராப் செய்யுமுன் (பந்தைக் கையிலிருந்து தரையில் விடுமுன்) நீர்ப்பகுதியைக் குறிக்கும் குச்சியின் நிறம் பார்க்கவும். சிவப்பாக இருந்தால்தான் பக்கவாட்டில் இரண்டு கிளப் நீளத்துக்குள் டிராப் செய்யலாம். போட்டி ஆட்டமானால் ரேஞ்ச்ஃபைண்டரின் சரிவுக் கணக்கை அணைத்துவிட வேண்டும், ஆகவே இந்தக் கழித்தலை மனதில் போட்டுப் பழகுவது வீண் அல்ல.

எட்டிலிருந்து பதினான்கு வரை ஆற்றோரம். தட்டையான தரை, நடந்தே ஆடலாம். மலையோரக் குழிகளில் மறைந்திருந்த காற்று இங்கே முழுதாகப் பிடிக்கும். பட் (கிரீனில் பந்தை உருட்டும் அடி) எல்லாம் ரண்டிலை விட்டு விலகி ஆற்றை நோக்கித் திரும்பும் என்று சொல்வார்கள். பாதி உண்மை. நீண்ட பட்டில் அது கைகொடுக்கும். ஆறடிக்குள் கிரீனின் சொந்தச் சரிவே வெல்கிறது. பாதி வழியில் நின்று பாதத்தில் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பதே நம்பகமானது.

பங்கர்களின் முகப்பில் மணல் மேலே ஏற்றி விடப்பட்டிருப்பதால் ஏற்றச் சரிவில் பந்து நிற்பது சகஜம். சரிவே உயரம் கொடுத்துவிடும் என்பதால் 60 டிகிரி வெட்ஜ் (பந்தை உயர எழுப்பும், முகம் சாய்ந்த மட்டை) வேண்டாம். 52 எடுத்து, தோளைச் சரிவுக்கு இணையாக வைத்து, பலமாக அடிக்க வேண்டும். 60-ஐ எடுத்தால் பந்து நேராக மேலே போய் அதே மணலில் விழும்.

எல்க் மான்கள் திடலில் மேயும். செப்டம்பரில் ஆண் மான்கள் இணை தேடும் காலம், மே கடைசியிலும் ஜூனிலும் கன்று ஈனும் காலம், இரண்டிலும் பாயும். பூங்கா நிர்வாகம் சொல்வது எல்க்குக்கு 30 மீட்டர், கரடிக்கு 100 மீட்டர் இடைவெளி. பந்துக்குப் பக்கத்தில் கரடி நின்றால் விதி 16.2 தண்டனையில்லாத நிவாரணம் தருகிறது. கிரீனில் குளம்புத் தடத்தைச் சரிசெய்யலாம், பங்கரில் கூடாது. புழுக்கையைப் பங்கரிலும் அகற்றலாம்.

அதிகாலை டீ நேரம் வாங்குமுன் யோசிக்கவும். பனி உறைந்த புல்லை மிதித்தால் அதன் திசுக்கள் உடைந்து கறுத்துவிடும், ஆகவே உருகும்வரை யாரையும் விடமாட்டார்கள். ஜூனில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருப்பதால் பிற்பகல் நேரமே புத்திசாலித்தனம், கொசு விரட்டி மட்டும் மறக்கக்கூடாது.

பதினைந்தாவது டீ ஸ்ப்ரே ஆற்றுக்கு மேல். பழைய வரிசையில் இதுதான் முதல் குழி. புதிய கிளப் ஹவுஸ் வந்தபின் எண்கள் மாறின. உடம்பு சூடாகாத நிலையில் முதல் அடியே ஆற்றைத் தாண்ட வேண்டியிருந்த காலத்தோடு ஒப்பிட்டால் நமக்குச் சலுகைதான். டிரைவரில் வேகத்தைக் கூட்டும் ஆசை இங்கேதான் வரும். இறக்கம் தானாகவே தூரம் சேர்க்கிறது என்பதால் முக்கால் வேகத்தில், பந்தை வழக்கத்தைவிடச் சற்றுத் தாழ்வாக டீயில் வைத்து அடித்தால் ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் நடுவே வெட்டிய புல்தரை) கிடைக்கிறது. காற்று எதிரே பலமாக வரும் நாளுக்கு இந்த அடி இன்னும் சரிப்படவில்லை. அடுத்து 3-வுட் (டிரைவரைவிடத் தூரம் குறைந்த மட்டை) போட்டுப் பார்க்க வேண்டும்.