குப்புறக் கிடந்த நாட்கள்

ஆகஸ்ட் 3

விழித்திரை கழன்றதற்குக் கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்தது. இனி ஏழு நாள் குப்புறத்தான். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். படிக்கவும் கூடாது, படித்தால் கண் ஓடிக்கொண்டே இருக்குமாம். இதைப் போனில் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது.

ஆகஸ்ட் 4

பேத்தி வந்து தரையில் உட்கார்ந்தாள். "எதைப் படிக்கட்டும் தாத்தா?" அடுக்கில் மேலே இருந்ததையே எடுக்கச் சொன்னேன். 'வளர்ச்சியின் எல்லைகள்', 1972-இல் வந்தது. டொனெல்லா மெடோஸும் இன்னும் மூன்று பேரும் எழுதியது. உலகத்தின் கணக்கு மாதிரி ஒன்றைக் கணினிக்குள் கட்டினார்கள். மக்கள்தொகை, உணவு, தொழில் உற்பத்தி, மாசு, மண்ணுக்கடியில் மிச்சமிருக்கும் வளம், இந்த ஐந்தும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்று 2100 வரை ஓட்டிப் பார்த்தார்கள்.

எனக்கு அவள் முகம் தெரியவில்லை. கால் விரல்கள்தான் தெரிகின்றன. வாசிக்கும்போது கட்டை விரலை மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்கிறாள்.

2100-இல் அவளுக்கு எண்பத்தெட்டு வயது.

ஆகஸ்ட் 5

கழுத்து விட்டுப்போகும் போல வலிக்கிறது.

இன்று ஒரு இடத்தில் கட்டை விரல் சட்டென்று மடங்கியது. கொஞ்ச நேரம் சத்தமில்லை. இரண்டு தாள் ஒன்றாகப் புரளும் சத்தம், அப்புறம் வேறு இடத்திலிருந்து ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் எனக்குத் தெரியும். எதையும் மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்ற வரைபடம் அது. கோடுகளெல்லாம் ஏறி ஏறி, இந்த நூற்றாண்டுக்குள்ளேயே மடங்கி விழும். நான் படுத்திருக்கிறேன் என்று எனக்காகத் தாவியிருக்கிறாள். நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 6

இரவெல்லாம் அல்லிக் குளம்.

அந்தப் புத்தகத்தில் வரும் புதிர். குளத்தில் ஒரு அல்லிக்கொடி, நாளுக்கு இரண்டு மடங்காகப் பரவுகிறது. விட்டால் முப்பதாம் நாள் குளம் முழுக்க மூடிவிடும். பாதி மூடட்டும், அப்போது வெட்டிக்கொள்ளலாம் என்று இருந்தால் அது எந்த நாள்? இருபத்தொன்பதாம் நாள். மிச்சம் ஒரே ஒரு நாள்.

என் கண்ணில் நான் அதை முதலில் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூக்குப் பக்கம் ஓரமாக ஒரு நிழல், கதவு இடுக்கில் துணி சிக்கியது மாதிரி. தூக்கம் சரியில்லை, அதனால்தான் என்று நினைத்தேன். திங்கள் அது இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தது. செவ்வாய் கண்ணாடியைத் துடைத்தேன். கண்ணாடியைப் போய்த் துடைத்தேன்! புதன் யாரிடமும் சொல்லவில்லை. வியாழன்தான் போனேன். "உடனே வந்திருக்கலாமே" என்று மட்டும் சொன்னார் மருத்துவர், கோபமில்லாமல். கோபித்திருந்தால் தேவலை.

அல்லி பாதிக் குளத்தை மூடும்வரை நம் கண்ணில் படுவதில்லை என்பதுதான் அந்தப் புதிர் என்று இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குக் கண்ணில் பட்டது. முதல் நாளே பட்டது.

ஆகஸ்ட் 7

தரை ஓட்டில் மயிரிழை விரிசல் ஒன்று, இடமிருந்து வலமாக ஏறி நடுவில் வளைந்து இறங்குகிறது. வேறு எதைப் பார்ப்பது?

ஆகஸ்ட் 8

கண்ணுக்குள் விட்டிருக்கும் வாயுவின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு. நான் குப்புறக் கிடந்தால் அது மேலே எழும்பி விழித்திரையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலந்து மூச்சு வழியே வெளியேறும். அதுவரை விமானம் ஏறக் கூடாது, உயரத்தில் வாயு விரிந்து கண்ணை நெருக்கிவிடும்.

பெயரைக் கேட்டதும் எழுந்து உட்காரப் பார்த்தேன். பேத்தி தோளை அழுத்திப் பிடித்தாள். அந்தப் பெயரை நான் எத்தனையோ புத்தகங்களில் பார்த்திருக்கிறேன். 1997 கியோட்டோ ஒப்பந்தத்தில் கட்டுப்படுத்த வேண்டியவை என்று குறித்த வாயுக்களில் ஒன்று. உயரழுத்த மின் சாதனங்களில் அடைத்துவைப்பது. எடைக்கு எடை, கார்பன் டை ஆக்சைடைப் போல் 20,000 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். வெளியே போனால் பல நூற்றாண்டு காற்றிலேயே இருக்கும்.

என் கண்ணில் இருப்பது சில மில்லிதான். அதனால் உலகம் கெடாது என்று தெரியும். இருந்தும் என் மூச்சில் போகும் அது, அவளுடைய பேத்தி காலத்திலும் எங்கேயோ மிதந்துகொண்டிருக்கும். இந்தக் கண் பிழைக்க அது வேண்டும். நன்றியோடுதான் இருக்கிறேன்.

ஆகஸ்ட் 9

பால் எர்லிக்கின் 1968 புத்தகத்தை எடுத்தாள், 'மக்கள்தொகை வெடிகுண்டு'. நிறுத்தச் சொன்னேன். 1970-களில் கோடிக்கணக்கானோர் பட்டினியில் சாவார்கள், இனி எதுவும் செய்வதற்கில்லை என்று ஆரம்பிக்கிற புத்தகம். அவர் சொன்ன அளவில் நடக்கவில்லை. 1980-இல் பொருளியலாளர் ஜூலியன் சைமனோடு ஐந்து உலோகங்களின் விலை ஏறும் என்று பந்தயம் கட்டி, பத்து வருடத்தில் அதிலும் தோற்றார். எனக்குக் கோபம் கணக்குத் தப்பியதால் இல்லை. மனிதர்களை வெடிகுண்டு என்று தலைப்பிலேயே சொன்னார், பிறக்கப்போகும் குழந்தைகளைப் பார்த்து. அந்தக் குழந்தைகளில் ஒருத்தி என் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த ஒரு தப்பைக் காட்டியே எல்லாப் புத்தகத்தையும் தள்ளுகிறவர்கள் மேலும் இதே கோபம் உண்டு.

ஆகஸ்ட் 10

குப்புறக் கிடப்பது முடிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். பார்வையின் கீழ்ப்பாதியில் தண்ணீர் மட்டம் போல ஒரு கோடு, அந்த வாயுவின் விளிம்பு. தலையைச் சாய்த்தால் அதுவும் ஆடி நிலைக்கிறது. கோட்டுக்கு மேலே ஜன்னல் வெளிச்சம், மங்கலாக.

அவள் முகத்தைப் பார்த்தேன். இளைத்துப்போனது போல இருந்தது.

ஆகஸ்ட் 11

தாவிய பக்கங்களை அவள் தனியாகப் படித்திருக்கிறாள். ராத்திரியில், போன் வெளிச்சத்தில். எனக்காகத் தாவினாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் திருத்தங்களை 1975-இல் தொடங்கினால் உலகம் நிலைப்படுகிறது. அதே திருத்தங்களை 2000 வரை தள்ளிப்போட்டுத் தொடங்கினால் நிற்பதில்லை, 2100-க்கு முன்பே உணவும் வளமும் போதாமல் போகிறது.

"2000-லேயே லேட்டுன்னு போட்டிருக்கு தாத்தா. நான் அப்ப பொறக்கவே இல்லையே."

ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன்.

ஆகஸ்ட் 12

பதில் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை.

ஆகஸ்ட் 13

கோடு இறங்கியிருக்கிறது.

நானே அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அந்த வரைபடம் ஜோசியம் இல்லை, ஒரு கணினி மாதிரி, இப்படிச் செய்தால் இப்படி என்று காட்டுவது, உலகம் அதைவிடப் பெரியது என்றெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். விரல் ஆடவில்லை.

அப்புறம் ஓசோன் கதையைச் சொன்னேன். குளிர்பெட்டியிலும் தெளிப்பான்களிலும் இருந்த குளோரோஃபுளோரோகார்பன்கள் ஓசோனை அரிக்கும் என்று மொலினாவும் ரோலண்டும் எழுதியது 1974. அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் மெலிந்து கிடப்பதை அறிவித்தது 1985. அவற்றைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் மாண்ட்ரியலில் நாடுகள் கையெழுத்திட ஆரம்பித்தது 1987, கடைசியில் எல்லா நாடும் சேர்ந்தன. தாமதம்தான். பதின்மூன்று வருடம் போயிற்று. ஆனால் செய்தார்கள். இப்படியே போனால் அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் 2066 வாக்கில் 1980-இல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்கிறார்கள்.

"அப்ப எனக்கு அம்பத்தி நாலு" என்றாள் உடனே. அவளும் இந்தக் கணக்குதான் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 14

ஐ.நா. ஆணையம் ஒன்றின் புருன்ட்லாண்ட் அறிக்கை, 'நமது பொது எதிர்காலம்'. அதுவும் 1987. நீடித்த வளர்ச்சி என்றால், பின்னால் வருகிற தலைமுறைகள் தங்கள் தேவையைப் பார்த்துக்கொள்ளும் வாய்ப்பைக் கெடுக்காமல் இன்றைய தேவையைப் பார்த்துக்கொள்வது. அந்த வரியை இரண்டு தரம் வாசித்தாள்.

"பின்னால் வர்ற தலைமுறைன்னா நாங்களா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப நாங்க வந்துட்டோமே."

ஆகஸ்ட் 16

ஆஸ்லோவுக்கு வெளியே ஒரு காட்டைப் பற்றி எங்கோ படித்துவிட்டு ஓடிவந்தாள். 2014-இல் ஆயிரம் ஸ்ப்ரூஸ் கன்றுகள் நட்டிருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு, வருடத்துக்கு ஒரு எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதியை வாங்கிப் பூட்டிவைக்கிறார்கள். 2114-இல் அந்த மரங்களை வெட்டிக் காகிதமாக்கி எல்லாவற்றையும் அச்சிடுவார்களாம். முதலில் கொடுத்தவர் மார்கரெட் அட்வுட்.

யாரும் படிக்க முடியாத புத்தகத்துக்கு எதற்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று கேட்டாள். அவளே, "நூத்தி ரெண்டு வயசு. இருந்தாலும் இருப்பேன்" என்றாள். முகத்தில் சிரிப்பு. பத்து நாளில் முதல் சிரிப்பு.

ஆகஸ்ட் 18

கண்ணுக்குள் இருக்கும் வாயுக் குமிழி இப்போது மிளகு அளவு. குனிந்தால் நடுவில் வந்து நிற்கிறது, நிமிர்ந்தால் கீழே உருண்டு ஒதுங்குகிறது.

ஆகஸ்ட் 19

காலையில் தேடினேன், இல்லை. மூச்சோடு போயிருக்கிறது.

நேர்க்கோடுகள் இன்னும் நெளிகின்றன. நாளை பரிசோதனை, எட்டு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள். பேத்தியும் கூட வருகிறாள். பையில் புத்தகத்தை வைத்துவிட்டாள், விட்ட பக்கத்தில் என் மருந்துச் சீட்டை மடித்துச் செருகி.