கோத்தகிரியிலிருந்து கொழும்புக்கு, கோவை வழியாக

செப்டம்பரில் அம்மாவை இலங்கை மலைநாட்டிலுள்ள அட்டனுக்குக் கூட்டிப்போவதாகத்தான் ஏற்பாடு. மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம், அங்கிருந்து மலை ரயில். டிக்கெட் போட்டாயிற்று. என் பாஸ்போர்ட் டிசம்பர் 11 வரை இருக்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் போட்டேன். இலங்கைக்கு ஈ.டி.ஏ. என்று ஒரு பயண அனுமதியை ஆன்லைனில் வாங்க வேண்டும். ஜூலை முதல் வாரம், பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் அதை நிரப்பிக்கொண்டிருந்த பெண் பாதியில் நிறுத்தினாள்.

"அண்ணா, உங்க பாஸ்போர்ட்ல ஆறு மாசம் இல்லையே."

"டிசம்பர் வரைக்கும் இருக்கும்மா. நாங்க செப்டம்பர் 20 போயிட்டு 30 வந்துருவோம்."

"போய் இறங்குற நாள்ல இருந்து ஆறு மாசம் இருக்கணும்ணா. அம்மாவோடது சரியா இருக்கு. உங்களோடதுதான்."

அச்சடித்த தேதி வரை செல்லும் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா எல்லாமே ஆறு மாதம் மிச்சம் கேட்கின்றன. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் கணக்கு வேறு. அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் இருக்க வேண்டும், பாஸ்போர்ட் வாங்கிப் பத்து வருஷமும் தாண்டியிருக்கக் கூடாது. நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் நமக்கு வாக்காளர் அட்டையே போதும். போன இடத்தில் உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டால், காலாவதியான பாஸ்போர்ட்டோடு ஒரு ஆள் தங்கள் ஊரில் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்பது அவர்கள் கவலை. அங்கே திருப்பி அனுப்பினால் ஏற்றி வந்த விமானக் கம்பெனி தலையில்தான் விடியும். அதனால் நம்மூர் கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். பெட்டி படுக்கையோடு மதுரையில் நின்று அழுவதற்கு, கோத்தகிரியில் நின்று அழுவது எவ்வளவோ மேல்.

இதில் கொடுமை, காலாவதிக்கு ஒரு வருஷம் முன்னாலேயே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். போன டிசம்பரிலேயே முடித்திருக்கலாம்.

வீட்டில் சொன்னதும் அம்மா திட்டவில்லை. பீரோவிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்து தாத்தாவின் பாஸ்போர்ட்டை வெளியே எடுத்தார். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று முடிவானது. அந்தக் கணக்கில் வந்த குடும்பம் எங்களுடையது. தாத்தாவின் பாஸ்போர்ட்டில் எழுத்தெல்லாம் கையால் எழுதியது. பிள்ளைகளுக்கான பக்கத்தில் நான்காவது வரியில் அம்மாவின் பெயர், மை பரவி. அப்போது அவருக்கு ஒன்பது வயது. தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரத்தில் இறக்கம், மண்டபம் முகாம், பிறகு இந்த மலை. 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டம், இன்றைய டேன்டீ, எங்களைப் போன்றவர்களுக்காக வந்ததுதான். இப்போதும் இங்கே எங்களைச் 'சிலோன்காரங்க' என்பார்கள்.

"இது ஒருதடவை வர்றதுக்கு மட்டும்தான்டா. திரும்பிப் போறதுக்கு யாரு தேதி பார்த்தா?" என்றார் அம்மா.

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க எனக்குத் தோதான நாள் கோவை பாஸ்போர்ட் சேவா மையத்தில்தான் கிடைத்தது. 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், தத்கால் என்றால் மேலே 2,000. பயணத்தையே தள்ளிப்போடுவது என்றான பிறகு தத்கால் எதற்கு?

விடியற்காலை முதல் பஸ்ஸில் ஸ்வெட்டர், மப்ளரோடு ஏறினேன். பலா பழுக்கும் காலம். குஞ்சப்பனை தாண்டியதும் டிரைவர் விளக்கை அணைத்துவிட்டு நிறுத்தினார். சாலையோரத்தில் தாயும் குட்டியுமாக இரண்டு யானைகள். குட்டி சாவகாசமாக ஒரு பலாச்சுளையை மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. இருபது நிமிஷம் போயிற்று. அப்பாயின்ட்மென்ட் நேரம் யானைக்குத் தெரியுமா! மேட்டுப்பாளையத்தில் ரயிலைத் தவறவிட்டு, டவுன் பஸ்ஸில் காரமடை, துடியலூர் வழியாக வியர்த்து விறுவிறுத்து அவிநாசி சாலை போய்ச் சேர்ந்தபோது பத்து நிமிஷம் பாக்கி இருந்தது.

உள்ளே ஏ, பி, சி என்று மூன்று கவுண்டர்கள். ஏ-யில் போட்டோ எடுக்கும் பையன் சிரித்துக்கொண்டே, "சார், ஸ்வெட்டரைக் கழட்டிருங்க" என்றான். கைரேகைதான் வம்பு செய்தது. அந்த வாரம் முழுக்கத் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவாத்து வேலை, விரலெல்லாம் தேயிலைக் கறை. கத்தி பிடித்து ரேகையும் தேய்ந்திருந்தது. வலது கட்டை விரலை நான்கு முறை துடைத்து வைத்த பிறகுதான் கருவி ஏற்றுக்கொண்டது. பி-யில் இன்ஷியல் சங்கதி. ஆதாரில் வெறும் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது பிறவித் தொல்லை. நல்லவேளை, பள்ளிச் சான்றிதழைக் கொண்டுபோயிருந்தேன். சி-யில் இரண்டே கேள்வி. பழைய புத்தகத்தில் ரத்து முத்திரை விழுந்து கைக்கு வந்தது. அந்த நிமிஷத்திலிருந்து புதிது வரும்வரை பாஸ்போர்ட் கேட்கும் எந்த நாட்டுக்கும் போக முடியாது என்பதை மறந்துவிடாதீர்கள். பழையதில் செல்லுபடியாகும் விசா இருந்தால் அதைப் பத்திரமாக வைத்திருங்கள், புதியதோடு சேர்த்துக் காட்ட வேண்டியிருக்கும்.

அடுத்த வாரம் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் வாசலில் நின்றே, "எத்தனை வருஷமா இந்த ஊர்ல இருக்கீங்கம்மா?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. அம்மா தலைமன்னாரில் ஆரம்பித்தார். முகாமில் கொடுத்த அரிசி, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் விட்டுவந்த ஆட்டுக்குட்டி எல்லாம் வந்தன. இரண்டு டம்ளர் டீ முடிந்த பிறகும் போலீஸ்காரர் கிளம்பவில்லை. தாத்தாவின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னிடம் கையெழுத்து வாங்க மறந்து, கேட் வரை போய்த் திரும்பி வந்தார்.

மூன்றாவது வாரம் தபால்காரர் கையில் ஸ்பீட் போஸ்ட். டிக்கெட்டை ஜனவரிக்கு மாற்றினேன். அதற்குக் கட்டிய தொகை பாஸ்போர்ட் செலவைவிட அதிகம். அம்மாவுக்கு அதில் வருத்தமில்லை. பொங்கல் அங்கே என்று அட்டனில் இருக்கும் சித்தியிடம் சொல்லிவிட்டார். இப்போதே பை தயாராகிறது. உள்ளே என்ன என்று எட்டிப் பார்த்தேன். இரண்டு கிலோ கோத்தகிரித் தேயிலைத்தூள்.

"சிலோனுக்கே தேயிலையாம்மா?"

"அவங்களும் குடிச்சுப் பார்க்கட்டும்டா."