பாதி கிளாஸ் டீ

எத்தனையோ வருடமாக அந்தப் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் டாஸ்மாக்குக்குப் போயிருக்கிறேன். குடியை விட நினைக்கிறவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தின் போர்டு அங்கே ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை. மச்சான் சொல்லித்தான் தெரியும்.

ஏழு மணிக் கூட்டத்துக்கு ஆறரைக்கே போய், எதிரே மின்கம்பத்தின் மறைவில் நின்றேன். தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால்? தெருவில் விழுந்து கிடந்தபோது வராத வெட்கம்!

மூன்றாம் வகுப்பு பெஞ்சு, முட்டி இடித்தது. கரும்பலகையில் அழிக்காத ஏழாம் வாய்ப்பாடு. ஊர், வேலை எதையும் யாரும் கேட்கவில்லை. கட்டணம் கிடையாது, குடியை விடும் விருப்பம் இருந்தால் போதுமாம். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் மனம்விட்டுப் பேசியதில் தொடங்கியதாம் இதெல்லாம்.

அப்புறம் ஒவ்வொருவராகப் பேசினார்கள். அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும், அதனால் எழுத மாட்டேன். ஆனால் பீரோவில் வேட்டி மடிப்புக்குள் குவார்ட்டர் ஒளித்தது நான் ஒருவன்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

என் முறை வந்தது. பெயரைச் சொன்னேன், அதற்கு மேல் வாய் வரவில்லை. சரி, அடுத்த வாரம் என்றார்கள்.

டீ ஊற்றியவர் எனக்கு மட்டும் பாதி கிளாஸ்தான் கொடுத்தார். நிமிர்ந்து பார்த்தேன்.

"கை நடுங்குதுல்ல தம்பி, முழுசா ஊத்துனா சிந்திரும். குடிச்சிட்டு வாங்க, மீதியைத் தர்றேன்."