முந்தானையும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

அம்மாவின் மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது என்று தெரிந்த நாளில் நாங்கள் பயந்ததெல்லாம் நோயை நினைத்துத்தான். வலியைப் பற்றி யாரும் எங்களிடம் பேசவில்லை. முதலில் பார்த்த மருத்துவமனையில் டிரமடால் என்ற வலி மாத்திரையை எழுதிக் கொடுத்து, "வலிச்சா மட்டும் குடுங்க" என்றார்கள். அந்த "வலிச்சா மட்டும்" இரண்டு மாதம் எங்கள் தூக்கத்தைத் தின்றது.

அம்மா வாய் திறந்து வலி என்று சொல்லமாட்டார். முந்தானையைச் சுருட்டி வலது கையில் இறுக்குவார். துணி முறுக்கேறிக் கயிறு மாதிரி ஆகிவிடும். அதைப் பார்த்துவிட்டு நான் ஓடிப்போய் மாத்திரை எடுத்துக் கொடுத்து, அது வேலை செய்யத் தொடங்கும்போது முக்கால் மணி நேரம் போயிருக்கும். இரவு இரண்டு மணிக்குப் படுக்கவும் முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்.

பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் சொல்லித்தான், வலி நிவாரணத்துக்கு என்றே தனிச் சிகிச்சைப் பிரிவு இருப்பது தெரிந்தது. அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பூஜ்ஜியத்திலிருந்து பத்து வரைக்கும் எவ்வளவும்மா வலிக்குது?" அம்மா சொன்னார்: "எண்ணெல்லாம் தெரியலீங்க. பிரசவ வலியாவது விட்டு விட்டு வரும். இது விடவே மாட்டேங்குது."

மார்ஃபின் என்றதும் அப்பா பதறிவிட்டார். "அது அபினியாச்சே டாக்டர், அடிமையாயிட மாட்டாளா?" டாக்டர் பொறுமையாக விளக்கினார். வலிக்காக, சரியான அளவில், கண்காணிப்போடு கொடுக்கும்போது அப்படி ஆவது அரிது. உடம்பு மருந்துக்குப் பழகும். அதனால் திடீரென்று நிறுத்தக்கூடாது. பழகுவது வேறு, போதைக்கு அடிமையாவது வேறு. மார்ஃபினைத் தேடி அதற்கு முன்பே நான் நாலு மருந்துக்கடை ஏறி இறங்கியிருந்தேன், எங்கும் இல்லை. 1985-இன் போதைப்பொருள் சட்டத்தை, இந்த மருந்து எளிதாகக் கிடைக்கட்டும் என்று 2014-இல் திருத்திய பிறகும், அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

முதல் வாரம் 10 மில்லிகிராம் மாத்திரை, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. காலை 6, 10, மதியம் 2, மாலை 6. இரவு 10 மணிக்கு இரண்டாகச் சேர்த்து. நடு இரவில் எழுப்ப வேண்டாம் என்பதற்காக அந்த ஏற்பாடு. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். இதை மனசு ஏற்கத்தான் எனக்கு நாளானது. நன்றாக இருப்பவருக்கு எதற்கு மாத்திரை என்று கை தயங்கும்.

ஒரு தப்பும் செய்தேன். கூடவே கொடுத்த மலமிளக்கியை, வயிற்றைக் கலக்கிவிடும் என்று நானே நிறுத்தினேன். நாலாம் நாள் அம்மா வயிறு கல்லாகிப் பட்ட பாடு இன்னும் கண்ணில் நிற்கிறது. குமட்டல் சில நாளில் தானே குறைந்தது. மலச்சிக்கல் அப்படிப் போகாது. மார்ஃபின் உள்ளவரை மலமிளக்கியும் வேண்டும்.

அளவு பிடிபட்டதும், 12 மணி நேரம் வேலை செய்யும் மாத்திரைக்கு மாற்றினார்கள். காலை 30, இரவு 30. அதையும் மீறி வரும் வலிக்குப் பழைய 10 மில்லிகிராம் மாத்திரை கையிருப்பில். ஒரு நாள் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு என்று கணக்கு சொன்னார்கள். பெரிய மாத்திரையை மட்டும் பொடிக்கவே கூடாது. 12 மணி நேர மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும் என்று நர்ஸ் இரண்டு தடவை சொன்னார். மற்ற மாத்திரைகளை நான் வெந்நீரில் கரைத்துத்தான் கொடுத்துவந்தேன். நல்லவேளை, முன்பே சொன்னார். கூப்பிட்டால் விழிக்காத அளவுக்கு மயக்கம், மூச்சு மெதுவாவது, இரண்டில் எது வந்தாலும் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

கூடுதல் மாத்திரை கொடுக்கும்போதெல்லாம் நாற்பது பக்க நோட்டில் மணியும் அப்போது அம்மா என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் எழுதினேன். அடுத்த தடவை போனபோது நர்ஸ் அதில் விரலை ஓட்டினார். தினமும் மூன்று முறை. அதில் ஒன்று தவறாமல் ஒன்பது மணிக்கு, குளிக்கும் நேரத்தில். சரி என்று டாக்டர் பெரிய மாத்திரையை 40, 40 ஆக்கினார், சின்ன மாத்திரை ஒன்று என்பது ஒன்றரையானது. குளிப்பதற்கு அரை மணி முன்பே கொடுத்துவிடுங்கள் என்றார். முதுகெலும்புக்கு ஒரே ஒருமுறை கதிர்வீச்சும் கொடுத்தார்கள். சில வாரம் கழித்து அதன் பலன் தெரிந்தது.

இப்போது நோட்டில் சில நாள் ஒரு வரிகூட இருப்பதில்லை. நேற்று காலை எட்டரைக்கு அடுப்படியில் நின்றிருந்தேன். உள்ளேயிருந்து அம்மா குரல்: "அந்தச் சின்ன மாத்திரைய எடுத்துட்டு வாடி, இன்னைக்குத் தலைக்குக் குளிக்கணும்."